பி.சி.ஓ.எஸ்.: ஏழு வித விட்டமினும் மரத்துப்போகும் பாதமும்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 27 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், இன்னும் குழந்தை இல்லை. 22 வயதில் ஸ்கேன் எடுத்து பி.சி.ஓ.எஸ்., அதாவது சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டி வருகிற வருத்தம் என்று சொன்னார்கள். அதற்கு, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்ஃபோர்மின் மாத்திரையை நாலு வருஷமாகப் போடுகிறேன். இப்போது காலையில் 1000, இரவில் 1000. சவூதியில் இருக்கும் சித்தி இதற்கெல்லாம் நல்லது என்று இனோசிட்டால், சிங்க், மல்ட்டி விட்டமின், மீன் ஈரல் எண்ணெய், கறுவா கெப்சியூல் அனுப்பியிருக்கிறார். முடி கொட்டுவதற்கு பயோட்டின் நானே ஒன்லைனில் வாங்கினேன். பக்கத்து வீட்டு அண்ணன் இந்தியா போய் வந்தபோது விட்டமின் டி 60,000 கொண்டு வந்தார். வாரம் ஒன்று என்று எட்டு மாதமாக எடுக்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த இரும்பு மாத்திரையும் இருக்கிறது, காலையில் தேத்தண்ணியோடு போடுவேன். இதில் எதை எடுப்பது, எதை விடுவது? போன மாதம் ரத்தம் பார்த்ததில் தைரொயிட் கூடுதலாக வேலை செய்கிறது என்று வந்தது, அதற்கும் மருந்து தொடங்க வேண்டுமாம். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. பாதம் அடிக்கடி மரத்துப்போகிறது, கடையில் உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும். மாமியார் வீடு முழுச் சைவம், முட்டையும் கிடையாது. லேபிள்களின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொரு லேபிளாகப் படித்தேன். இவ்வளவு விவரமாக எழுதுகிறவர்கள் குறைவு. பாமசி கவுண்டரில் நிற்கும் என்னிடம் பெரும்பாலும் "அந்த மஞ்சள் மாத்திரை இருக்கா" என்றுதான் கேட்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன மூன்று விஷயங்கள்தான் என் கண்ணை உறுத்தின. ஐந்து மாதமாக வராத மாதவிடாய், மரத்துப்போகும் பாதம், தைரொயிட் ரிப்போட். பின்னால் சொன்ன இரண்டுக்கும் நீங்கள் விழுங்கும் மாத்திரைகளே காரணமாக இருக்கக்கூடும்.

முதலில் மாதவிடாய். நாளைக் காலையே கர்ப்பமா என்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். "எனக்குத்தான் பி.சி.ஓ.எஸ். ஆச்சே, எங்கே தங்கப்போகிறது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மெட்ஃபோர்மின் எடுக்கும்போது, சிலருக்கு இனோசிட்டால் எடுக்கும்போதும், முட்டை வெளியாவது மறுபடி தொடங்கும். மாதக்கணக்கில் வராமல் இருந்த ஒருத்திக்கு, வராமல் இருக்கும்போதே கர்ப்பம் தரித்துவிடலாம். உங்கள் பையில் இருக்கும் சில பொருட்கள் கர்ப்பத்தில் எடுக்கக்கூடாதவை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இல்லை என்று வந்தால், இந்த மாதத்துக்குள் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது உங்களுக்கு வசதியோ அது. மூன்று மாதத்துக்கு மேல் ரத்தம் போகாமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்படலம் கழியாமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்ட பக்கம் திரும்பக்கூடும். வைத்தியர் சில நாட்களுக்கு ஒரு ஹோமோன் மாத்திரை கொடுத்து அதை இறக்கிவிடுவார். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிற விட்டமின் எதுவும் இல்லை. ஏழு வித மாத்திரை போடுகிறோம் என்ற திருப்தியில் இந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

பி.சி.ஓ.எஸ். என்பது விட்டமின் குறைந்து வருகிற வருத்தம் இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் கூடுதலாகச் சுரப்பது, அதனால் சூலகத்தில் ஆண் ஹோமோன் கூடுவது, அதனால் முட்டை முதிர்ந்து வெளியாகாமல் நிற்பது என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் சங்கதி. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் கம்பஹா பக்கம் நடத்திய ஆய்வில் 100க்கு 6 பேருக்குச் சற்று மேல் வந்தது. அதனால் இது உங்கள் ஒருத்திக்கு வந்த விசித்திரம் இல்லை. இந்த வருத்தத்தோடு சிலருக்கு விட்டமின் டி குறைவாக இருக்கும், சிலருக்கு பி12 குறைவாக இருக்கும், சிலருக்கு ஒரு குறையும் இருக்காது. குறைவு எதுவோ அதை நிரப்பினால் உடம்பு தேறும். குறையாததை மேலும் மேலும் ஊற்றினால் அதிகபட்சம் காசு போகும், சிலவேளை உடம்பும் கெடும். அதனால் எந்தப் போத்தல் நல்லது என்பதை விட, உங்களுக்கு எது குறைவு என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கு எது குறைவாக இருக்கும் என்று நான் சந்தேகப்படுவது பி12. அதுதான் ஏழில் எதிலும் போதுமான அளவு இல்லை!

மெட்ஃபோர்மின் நல்ல மருந்து, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே போவதை அது தடுக்கிறது. டோஸ் கூடக் கூட, வருஷம் ஆக ஆக, குறைவு வரும் வாய்ப்பும் கூடும். பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி இருப்பவர்களுக்கு ரத்தத்தில் பார்க்கச் சொன்னது. நீங்கள் நாளைக்கு 2000 மில்லிகிராம், நாலு வருஷமாக. அப்புறம் கல்யாணமான நாளிலிருந்து மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. பி12 இயற்கையாக இருப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான். தேத்தண்ணிக்கு விடுகிற பால்மா ஒரு கரண்டி எவ்வளவு தூரம் காணும்? ஈரலில் சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது. ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது, நாக்கு எரிவது, காரணமில்லாத அசதி என்று மெல்ல வெளியே வரும். உட்கார்ந்து இருப்பதால் வரும் மரப்பு எழுந்து நாலு எட்டு நடந்தால் போய்விடும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி, அடிக்கடி என்றால் அது வேறு.

இதற்கு பாமசிக்கு வந்து "நரம்பு மாத்திரை" கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அந்த மாதிரி மாத்திரைகளில் பி12 கூடவே பி6 100, 200 மில்லிகிராம் என்று இருக்கும். பி6 அளவுக்கு மீறி நீண்ட நாள் போனால் அதுவே பாதத்தை மரக்க வைக்கும். முதலில் பி12 அளவு, கூடவே முழு ரத்தப் பரிசோதனை, அதாவது எஃப்.பி.சி. பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். "நாலு வருஷமாக மெட்ஃபோர்மின் 2000, வீடு முழுச் சைவம், பாதம் மரக்கிறது." இந்த ஒரு வரி போதும், அவர் புரிந்துகொள்வார். குறைவு என்று வந்தால் ஊசியோ மாத்திரையோ அவர் தருவார். பார்க்காமல் பெரிய டோஸில் ஃபோலிக் அசிட் மட்டும் எடுப்பதும் சரியில்லை. ரத்தசோகையை அது மூடி மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இனி தைரொயிட். உங்கள் பயோட்டின் போத்தலில் 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30. நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல். பயோட்டின் உடம்புக்குப் பெரிய நஞ்சு இல்லை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ஆனால் பல ஆய்வுகூட மெஷின்கள் ஹோமோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பாகமாக இருக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் மெஷின் குழம்பிப்போகும். தைரொயிடைத் தூண்டும் ஹோமோனான டி.எஸ்.எச்.ஐ இல்லாத அளவுக்குக் குறைவாகக் காட்டும், தைரொயிட் சுரக்கும் டி4ஐக் கூடுதலாகக் காட்டும். அதாவது சுரப்பி நன்றாகவே இருக்கும், ரிப்போட்டில் மட்டும் தைரொயிட் அதிகம் என்று வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஆண் ஹோமோன் அளவும் சில மெஷின்களில் உள்ளதை விடக் கூடுதலாக வரலாம். பி.சி.ஓ.எஸ். உள்ள ஒரு பெண்ணுக்கு அது இன்னொரு குழப்பம்.

உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. உண்மையிலேயே தைரொயிட் அதிகமாக வேலை செய்தாலும் முடி கொட்டும், மாதவிடாய் தப்பும். அதனால்தான் சந்தேகத்தைத் தீர்க்காமல் மருந்து தொடங்கவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது மூன்று நாள், உங்கள் டோஸுக்கு நான் ஒரு வாரமே சொல்வேன், விட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். வைத்தியரிடமும் ரத்தம் எடுக்கிறவரிடமும் இன்ன மாத்திரை எடுத்தேன், இன்ன தேதியில் நிறுத்தினேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். விட்டமின்தானே என்று நாமும் சொல்ல மாட்டோம். மல்ட்டி விட்டமினிலும் கொஞ்சம் பயோட்டின் இருக்கிறது, அந்த வாரம் அதையும் ஒதுக்கி வையுங்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் இளைப்பது என்று இருந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் உடனே வைத்தியரைப் பாருங்கள்.

மறுபடி பார்த்துத் தைரொயிட் சரி என்று வந்தால் பயோட்டின் பக்கம் திரும்பவும் போகாதீர்கள். பயோட்டின் குறைந்தவர்களுக்குத்தான் அது முடி வளர்க்கும், அந்தக் குறைவு வருவது அபூர்வம். பி.சி.ஓ.எஸ்.ஸில் உச்சி வகிடு அகலமாகி முடி மெலிவது ஆண் ஹோமோனால். இரும்புச் சேமிப்பு குறைந்தாலும் கொட்டும். காரணம் தெரிந்த பிறகு அதற்குத்தான் வைத்தியம்.

விட்டமின் டிக்கு வருவோம். நம் பக்கத்துப் பெண்களுக்கு இது குறைவது உண்மைதான். வெயில் நாடு என்று பேர், ஆனால் நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பாதி வருஷம் மூட்டம். மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கும் தலையில் துணி, உடம்பில் சுற்றிய றெட்டு, முழுக் கை. நீங்களோ காலை பஸ்ஸில் ஏறிக் கடைக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருகிறீர்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் விட்டமின் டி உண்டாகாது. குறைவாக இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், எலும்புக்கும் அது நல்லது. சிலருக்கு இன்சுலின் விஷயத்திலும் கொஞ்சம் உதவலாம். ஆனால் அதைப் போட்டதால் மாதவிடாய் சீராகிவிடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

சிக்கல் 60,000 என்ற அந்த எண்ணில் இருக்கிறது. அது குறைவு உள்ளவருக்கு வாரம் ஒன்றாக, வழக்கமாக எட்டு வாரம் வரையில் கொடுக்கிற நிரப்பு டோஸ். பிறகு சின்ன டோஸுக்கு மாறிவிட வேண்டும். சாதாரணமாக ஒரு நாளைக்குத் தேவை 600 முதல் 800 அலகு. வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் 4,000க்கு மேல் போகக்கூடாது. வாரம் 60,000 என்றால் நாளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல், அதுவும் எட்டு மாதமாக. இது பயோட்டின் போலச் சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்விடுகிற சாமான் இல்லை, கொழுப்பில் தங்கிச் சேரும். மிஞ்சினால் ரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். நிறுத்துங்கள். விட்டமின் டி பரிசோதனைக்குத் தனியார் ஆய்வுகூடத்தில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இத்தனை நாள் போத்தலுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இந்தச் செலவு நியாயமானது. கல்சியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்ச அட்டையை அம்மாவுக்கு மூட்டு வலிக்கு என்று கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கை மாறிப் போவதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

சிங்க் போத்தலில் 50 மில்லிகிராம், மல்ட்டி விட்டமினில் 15. கூட்டினால் 65. ஒரு பெண்ணுக்கு நாளைக்குத் தேவை 8, மேல் எல்லை 40. மாதக்கணக்கில் எல்லை தாண்டினால் செம்புச்சத்து உள்ளே போவது குறையும். செம்பு குறைந்தாலும் ரத்தசோகை வரும், பாதமும் மரக்கும். பி12 சரியாக இருந்தால் வைத்தியர் அடுத்துத் தேடுவது இதைத்தான். சிங்கைத் தனியாக எடுக்க உங்களுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. செலினியம், குரோமியம், மக்னீசியம் என்று இன்னும் பல பெயர்கள் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு நல்லது என்று சுற்றுகின்றன. சின்னச் சின்ன ஆய்வுகள்தான் இருக்கின்றன, அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், செலினியம் கூடினாலே முடி கொட்டும், நகம் உடையும். முடி வளர வாங்கிய போத்தலில் இது எவ்வளவு இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

இனோசிட்டால் கொஞ்சம் தனி ரகம். பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று ஓரளவாவது ஆராய்ந்த பொருள் இது. இன்சுலின் சொல்லும் செய்தியை உயிரணுவுக்குள் கடத்துவதில் இதற்கு வேலை இருக்கிறது. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கான 2023ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டல் நிதானமாகத்தான் பேசுகிறது. விரும்புகிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம், பெரிய தீங்கு இல்லை, சீனி, இன்சுலின் அளவுகளில் கொஞ்சம் முன்னேற்றம் வரலாம். ஆனால் முட்டை வெளியாவது, முகத்து முடி, எடை இவற்றில் பெரிய பலன் காட்டப்படவில்லை. முகத்து முடிக்கும் வயிற்றுச் சதைக்கும் இதைவிட மெட்ஃபோர்மின் மேல் என்றும் அதுவே சொல்கிறது. அந்த மெட்ஃபோர்மினை நீங்கள் ஏற்கனவே எடுக்கிறீர்கள்.

என் கருத்து இது: தொடர விருப்பம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள், ஆனால் ஆறு மாதக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்காட்டியில் மாதவிடாய் வந்த தேதியை மட்டும் குறித்து வாருங்கள். மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்தது நாளைக்கு 4 கிராம், காலையில் 2, இரவில் 2. உங்கள் லேபிளில் ஒரு மாத்திரைக்கு 550 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு என்று இருக்கிறது. அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். இதற்காகக் கடன் வாங்கி இன்னும் நாலு போத்தல் எடுக்கச் சொல்லவில்லை. ஆய்வில் கொடுத்தது வேறு, கையில் இருப்பது வேறு என்று தெரிந்துகொள்ளத்தான். கிளினிக்கில் முட்டை வெளியாக வைக்கும் மாத்திரை தருவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அதுதான் நேர்வழி.

முட்டை கூட உள்ளே வராத வீட்டில் மீன் ஈரல் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்க மாட்டேன். மாமியார் லேபிளைப் படிக்கவில்லை போலிருக்கிறது! அதை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் நிறுத்துங்கள். ஈரல் எண்ணெயில் விட்டமின் ஏ நிறைய. அது அளவுக்கு மிஞ்சினால் வயிற்றில் உருவாகும் பிள்ளையைப் பாதிக்கும். சாதாரண மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றில்லை, போத்தலில் ஈரல் என்று இருந்தால் பிள்ளை எதிர்பார்க்கிறவர்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக உங்கள் பையில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. ஃபோலிக் அசிட். பிள்ளைக்கு முயற்சி செய்கிற ஒவ்வொரு பெண்ணும் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். பிள்ளையின் மூளை, முதுகுத்தண்டு உருவாகும் குழாய் கருத்தரித்த முதல் 28 நாளுக்குள் மூடிவிடும், அந்த நேரத்தில் பலருக்குத் தங்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. இதற்குக் காசும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகம் மூலம் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் கொடுக்கிறார்கள். சீனி வருத்தம் இருந்தாலோ எடை மிக அதிகமாக இருந்தாலோ வைத்தியர் பெரிய டோஸ் தரலாம். அதனால்தான் பி12 பரிசோதனையை முதலில் சொன்னேன்.

இரும்பு மாத்திரை. தோட்டப் பக்கம் ரத்தசோகை அதிகம் என்பதால் நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஐந்து மாதமாக ரத்தமே போகாத உங்களுக்கு இரும்பு குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். எஃப்.பி.சி.யோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தால் தெரிந்துவிடும். சிலருக்குப் பரம்பரையாக வருகிற தலசீமியா கூறு இருக்கும். ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், ஆனால் எவ்வளவு இரும்பு போட்டாலும் ஏறாது, தேவையில்லாமல் உடம்பில் சேர்ந்துகொண்டு போகும். இரும்புக் குறைவில் ரத்த அணு சிறுக்கும், பி12 குறைவில் பெருக்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் சராசரி அளவு சரியாக இருப்பது போலத் தெரிந்து ரிப்போட் நம்மை ஏமாற்றும். இதையும் வைத்தியர் கவனிப்பார்.

எடுக்க வேண்டும் என்று வந்தால் தேத்தண்ணியோடு எடுக்காதீர்கள். நாம் பறிக்கிற கொழுந்தின் சாயமே இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளே போக விடாது. பாலும் கல்சியம் மாத்திரையும் அப்படித்தான். தண்ணீரோடு, முடிந்தால் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு கலந்து எடுங்கள். தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி. காலையில் எழுந்ததும் சாயம் இல்லாமல் நம்மால் முடியாது என்று எனக்கும் தெரியும், அதனால் மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிவிடுவது சுலபம். வயிற்றைப் பிரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கறுவா கெப்சியூலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். உலகத்துக்கே நல்ல கறுவா அனுப்புகிற நாட்டில் இருந்துகொண்டு சவூதியிலிருந்து வரவழைக்கிறோம்! வெளிநாட்டுப் போத்தல்களில் இருப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நிறையப் போனால் ஈரலுக்கு ஆகாது. நம்மூர்க் கறுவாவில் அது மிகக் குறைவு. கறிக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு துண்டு போடுங்கள், ருசிக்கு. மருந்தாக எண்ணி கெப்சியூல் வேண்டாம்.

மல்ட்டி விட்டமின் ஒன்று மட்டும் பாக்கி. தைரொயிட் ரத்தம் கொடுத்த பிறகு, லேபிளில் விட்டமின் ஏ எந்த அளவு என்று என்னிடமோ வைத்தியரிடமோ காட்டிவிட்டு வேண்டுமானால் தொடரலாம். படத்தில் அந்த வரி மங்கலாக இருக்கிறது. எந்தப் போத்தலையும் இங்கே வாங்கும்போது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்லைனில் வருகிற முடி மருந்துகளில் பலதில் அது இருக்காது.

சாப்பாட்டுப் பக்கம் நீண்ட பிரசங்கம் வைக்கப்போவதில்லை. சைவ வீட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் என்று ஓடாமல், கடலை, கௌபி, பயறு, பருப்பு ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். மாமியாரை முட்டைக்கு இணங்க வைக்க முடியாவிட்டால் தயிரும் பாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரு விஷயம் கணக்குப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் அது மட்டும் 40 கிராம் வரும். இன்சுலினோடு மல்லுக்கட்டும் உடம்புக்கு எந்த மாத்திரையை விடவும் இந்தப் பத்துக் கரண்டியைக் குறைப்பது பலன் தரும். ஒரேயடியாக விட வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டி என்று இறக்குங்கள். கருப்பட்டியோ பாணியோ மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் சீனிதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை வாசலில் நிற்காமல் பத்து நிமிஷம் ஏற்றத்தில் நடந்துவிட்டு வாருங்கள். ஹட்டனில் ஏற்றத்துக்கா பஞ்சம்?

கிளினிக்குக்குப் போகும்போது ஏழு போத்தலையும் இரும்பு மாத்திரையையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள், பெயர் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை. குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்து எடுக்கும் சீனிப் பரிசோதனையையும் கேளுங்கள். பிள்ளைக்கு முயற்சிக்கும் பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு, வெறும் வயிற்றுச் சீனி மட்டும் பார்ப்பதை விட அது நம்பகமானது.

இன்னொன்று. கடிதம் முழுக்க உங்கள் உடம்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது என்றால் அவருக்கும் விந்துப் பரிசோதனை ஒரு தடவை செய்ய வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு காலையில் முடிந்துவிடும். கிளினிக் நாளில் அவரையும் லீவு போட்டுக் கூட வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா